படம் பிடிக்க உடுத்தியவர்கள்

“கறுப்புக் கோட்டா, சாம்பல் நிறக் கோட்டா?” என்று கேட்கிறான் காளை. “என் சேலை நீலம், ஆகவே உங்கள் சட்டையும் நீலம்!” என்று தீர்ப்பளிக்கிறாள் காரிகை. குழந்தைக்கும் அதே நிறத்தில் பாவாடை வேண்டுமென்று தையற்காரரிடம் ஆள் ஓடுகிறது. பாட்டி மட்டும், “எனக்கெதுக்கடா புதுசு? கட்டியிருப்பதே போதும்” என்று சொல்லிக்கொண்டே பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பழைய பட்டை எடுக்கிறாள். படப்பிடிப்பு நிலையத்துக்குப் புறப்படுமுன் வீட்டில் நடக்கும் இந்த அமளியைப் பார்த்துச் சிரிக்காதவர் உண்டா! நானும் சிரித்தவன்தான்.

ஆனால், தோழர்களே, ‘எதை உடுத்திக்கொண்டு படத்துக்கு உட்காரலாம்’ என்று எண்ணிப் பார்க்கும் உரிமையே மறுக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். அந்த உரிமை கைக்கு வந்த நாளில், கணவனும் மனைவியும் மக்களுமாக அவர்கள் உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, அந்தப் படங்கள் வெறும் வீட்டு அலங்காரமாக இல்லை; வழக்கு மன்றத்தில் வைக்கப்படும் சான்றுகளாக இருந்தன. அமெரிக்கக் கருப்பின மக்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

தெற்குக் கரோலினா என்றொரு மாநிலம். அன்று அது ஆங்கிலேயரின் குடியேற்றம். அரிசியும் அவுரியும் விளைந்த மண். விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொணரப்பட்ட அடிமைகள். அங்கே 1735-இல் ஒரு சட்டம். 1740-இல் அதையே மேலும் முறுக்கி இன்னொரு சட்டம். அடிமை எந்தத் துணி உடுத்தலாம் என்பதற்குப் பட்டியல் போட்டார்கள், சட்டமன்றத்திலே அமர்ந்து, சீரிய முகத்தோடு! முரட்டுக் கம்பளி, முரட்டு லினன், கட்டம் போட்ட மலிவுப் பருத்தி — இவை போன்றவை ஆகும். அதற்கு மேற்பட்ட எதுவும் ஆகாது. மேற்பட்டதை அணிந்து அடிமையொருவன் தெருவில் வந்தால், காவலன் அந்தத் துணியைப் பறிக்கலாம். பறித்ததைத் தானே வைத்துக்கொள்ளலாம்! தொண்டுக்கு நிற்கும் சீருடை வேலையாளுக்கு மட்டும் விலக்கு. ஏனெனில் அவன் உடுத்திய பகட்டு அவனுடையதன்று, ஆண்டையுடையது.

எதற்கு இவ்வளவு அச்சம்? நல்ல கோட்டு ஒருவன் மேலே ஏறியவுடன், ‘இவனும் நம்மைப் போன்றவனோ’ என்ற ஐயம் காண்பவனுக்கு ஏற்பட்டுவிடுகிறது. பிறவியிலேயே தாழ்ந்தவன் என்று வேதம் காட்டிச் சொல்லப்பட்டவன், ஒரு முழத் துணி கிடைத்ததும் உயர்ந்தவன் போலத் தெரிகிறானென்றால், அந்தப் பிறவித் தாழ்வின் வலிமை எவ்வளவு! சட்டம் இயற்றியவர்களுக்கே அந்த இரகசியம் நன்றாகத் தெரிந்திருந்தது.

மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஃபிரெடரிக் டக்ளஸ் தம் சிறு பருவத்தை எழுதியிருக்கிறார். அடிமைச் சிறுவனுக்கு ஓராண்டுக்கு இரண்டு சட்டைகள். சணல் போன்ற முரட்டுத் துணியில், முழங்காலைத் தொடும் அளவுக்கு. காற்சட்டை கிடையாது, காலணி கிடையாது, குளிருக்குப் போர்வை கிடையாது. அந்த இரண்டும் கிழிந்துவிட்டால், அடுத்த ஆண்டு அளக்கும் நாள் வரையில் அம்மணந்தான். பால்டிமோர் நகருக்கு அனுப்பப்போகிறோம், உடம்பைத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் காற்சட்டை தருவோம் என்றார்களாம். பையன் மூன்று நாட்கள் ஓடைக்கரையில் கிடந்து காலையும் முழங்காலையும் தேய்த்திருக்கிறான்! ஒரு காற்சட்டைக்காக! அந்தப் பையன்தான் பிற்காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவிலேயே மிக அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட மனிதராக ஆனவர். அதைப் பிறகு சொல்கிறேன்.

துணி என்றவுடன் நம் ஊர்த் தறியின் ஓசையும் இந்தக் கதையில் கேட்கிறது, மறைப்பானேன்! மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கிய ஐரோப்பிய வணிகர்கள் கொடுத்த சரக்குகளில் முதன்மையானவற்றுள் ஒன்று இந்தியப் பருத்தித் துணி. புதுச்சேரிப் பக்கத்தில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணிக்குக் ‘கினீ’ என்று ஆப்பிரிக்கக் கடற்கரையின் பெயரையே பிரெஞ்சுக்காரர்கள் வைத்தார்கள். செனிகல் நாட்டில் அது நாணயம்போலவே கைமாறியது. நெய்தவனுக்கு அது எங்கே போகிறதென்று தெரியாது. கூலி கிடைத்ததா என்பதே அவன் கவலை. சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற கட்டம் போட்ட சதுரத் துணிக்கு ‘மதராஸ் கைக்குட்டை’ என்று பெயர். அது ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று, கரிபியன் தீவுகளுக்குப் போயிற்று, மிசிசிப்பி ஆற்றின் கழிமுகத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸ் வரையில் போயிற்று.

அங்கே அதற்கு ஒரு வேலை காத்திருந்தது. 1786-இல் லூசியானாவை ஸ்பெயினுக்காக ஆண்ட மிரோ என்ற ஆளுநர் ஓர் ஆணை பிறப்பித்தார். அடிமையல்லாத கருப்பினப் பெண்கள் கூந்தலில் மணியும் இறகும் சூடி வெள்ளைச் சீமாட்டிகளுக்குப் போட்டியாக உலவுகிறார்களாம். இனி அவர்கள் தலையைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும்! அடிமைப் பெண்ணின் அடையாளமான தலைக்கட்டை உரிமை பெற்ற பெண்ணின் தலையிலும் ஏற்றிவிட வேண்டுமென்பது திட்டம். பெண்கள் ஆணையை மீறவில்லை. பளபளக்கும் மதராஸ் கைக்குட்டைகளை வாங்கி, உயரமாக, ஒய்யாரமாக, விதவிதமான முடிச்சுகளோடு கட்டிக்கொண்டு வந்தார்கள். இழிவென்று விதித்தது எழிலாகிவிட்டது. வெள்ளைச் சீமாட்டிகளும் அதே போலக் கட்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். ஆளுநர் என்ன முகத்தோடு அதைப் பார்த்தாரோ!

இப்படியிருக்க, 1839-இல் பாரிசிலே தாகேர் கண்ட படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் உருவப்படம் என்றால் ஓவியன் வேண்டும். ஓவியனுக்குப் பொன் வேண்டும். மன்னனும் சீமானும் மாளிகைச் சுவரில் மாட்டிக்கொண்ட பேறு அது. இப்போதோ, வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் ஒளியே ஓவியனாகிவிட்டது. 1850-களில் கண்ணாடித் தகடு, இரும்புத் தகடு, அட்டையில் ஒட்டும் காகிதம் என்று விலை இறங்கிக்கொண்டே வந்தது. கூலிக்காரனும் ஒரு நாள் கூலியில் தன் முகத்தை வாங்கலாம் என்ற நிலை.

முதலில் அமர்ந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அசையாமல் இருக்கத் தலைக்குப் பின்னே இரும்புக் கவ்வி. சிரிப்பை அவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடியாதாகையால் இறுகிய உதடு. உடைக்கும் விதிகள் இருந்தன. அன்றைய தகடு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். ஆகவே இள நீலச் சேலை படத்தில் வெள்ளையாக வெளுத்துவிடும். சிவப்பும் மஞ்சளும் கரியாக இருண்டுவிடும். வெள்ளை உடை கண்ணைப் பறித்து முகத்தை மங்கச்செய்யும். அதனால், கருமையான, கட்டமோ கோடோ போட்ட துணி உடுத்தி வாருங்கள் என்று படக்காரர்கள் அறிவுரை சொன்னார்கள். இல்லாதவர்களுக்குக் கோட்டும் சால்வையும் இரவல் தந்த நிலையங்களும் உண்டு. பொத்தானுக்குப் பொன் வண்ணம், கன்னத்துக்குச் செவ்வண்ணம் தூரிகையால் தீட்டுவதும் உண்டு. சின்சினாட்டியில் ஜேம்ஸ் பிரஸ்லி பால், ஹார்ட்ஃபோர்டில் அகஸ்டஸ் வாஷிங்டன் எனக் கருப்பினத்தாரே நிலையம் நடத்தினார்கள், அடிமைமுறை ஒழியுமுன்பே!

உடையும் படமும் ஒரு தம்பதியின் உயிரோடு பிணைந்த கதை ஒன்று உண்டு. ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் வில்லியம் கிராஃப்ட், எல்லன் கிராஃப்ட் என்ற கணவன் மனைவி, இருவரும் அடிமைகள். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்காது; பிள்ளை பிறந்தால் அது ஆண்டையின் உடைமை. தன் வயிற்றில் பிறக்கும் குழந்தையைத் தன்னிடமிருந்து பறித்து விற்பார்களே என்று எல்லன் நடுங்கினாள். அவளுடைய தந்தையே அவளது முதல் ஆண்டை — வெள்ளையர். அதனால் அவள் நிறமும் வெள்ளை. அதையே கருவியாக்கினார்கள். எல்லன் ஆணுடை தரித்து, நோயாளியான வெள்ளைப் பண்ணையார் ஆவது. வில்லியம் அவருக்கு ஏவலாள் ஆவது. பட்டப்பகலில், இரயிலிலும் கப்பலிலும் ஏறிப் போய்விடுவது!

உடை சேர்ப்பதே பெரும் பாடு. ஒரே கடையில் வாங்கினால் ஐயம் வருமென்று, வில்லியம் நகரின் வெவ்வேறு பகுதிகளுக்கு, வெவ்வேறு வேளைகளில் போய், ஒவ்வொரு பொருளாக வாங்கினான். காற்சட்டையை மட்டும் எல்லன் தானே தைத்துக்கொண்டாள். உயர்ந்த தொப்பி, பச்சைக் கண்ணாடி, கழுத்துப் பட்டி. எழுதத் தெரியாதே, விடுதியில் கையெழுத்துக் கேட்பார்களே! வலக்கையைத் தூளியில் கட்டித் தொங்கவிட்டாயிற்று. மீசை அரும்பாத மோவாயைப் பார்த்துவிடுவார்களே! பல் வலிக்காரர்போல முகத்தைச் சுற்றிப் பற்றுக்கட்டு. கூந்தலை வில்லியமே வெட்டினான். 1848 டிசம்பரில் புறப்பட்டு நான்கு நாள் பயணம். வண்டியில் பக்கத்தில் அமர்ந்தவர் அவளை முன்பே அறிந்த வெள்ளையர்! காது கேளாதவர்போல நடித்தாள். வழியில் கண்ட கனவான்கள், “ஏவலாளிடம் இவ்வளவு அன்பு காட்டாதீர், ஓடிவிடுவான்” என்று அவளுக்குப் புத்தி சொன்னார்கள். கிறிஸ்துமஸ் நாளன்று இருவரும் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கினார்கள்.

பிறகு படம். அதே ஆணுடையில் எல்லனை உருவப்படம் எடுத்து, அதைச் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள், அடிமை ஒழிப்புப் பணிக்கு நிதி திரட்ட. அந்தப் படத்துக்கு உடுத்தும்போது ஒன்றை மட்டும் கழற்றினாள்: முகத்தை மறைத்த பற்றுக்கட்டு. அதைக் கட்டியிருந்தால் முகச்சாயல் சரியாக விழாதென்று அதற்குக் காரணம் சொன்னார் வில்லியம், 1860-இல் எழுதிய தம் நூலில். தப்புவதற்குக் கட்டியதைத் தன்னைக் காட்டுவதற்கு அவிழ்த்தாள். ஆனால் நாடு அவர்களை விடவில்லை. 1850-இன் ஓடிய அடிமைச் சட்டம் வந்தது, போஸ்டன் வரையில் வேட்டைக்காரர்கள் வந்தார்கள், தம்பதியர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். போர் முடிந்த பின்னரே அவர்கள் தாயகம் திரும்பினர்.

எல்லன் தப்பிய மூன்றாம் ஆண்டு, 1850. அதே தெற்குக் கரோலினா. கொலம்பியா நகரில் சீலி என்பவரின் படப்பிடிப்பு நிலையம். அங்கே சில அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லூயி அகாசி கேட்டிருந்தார். மனித இனங்கள் ஒரே தோற்றத்தவை அல்ல, தனித்தனியே படைக்கப்பட்டவை என்பது அந்த அறிஞரின் கட்சி. அதை நாட்டப் படங்கள் வேண்டுமாம். அறிவியலின் பெயரால் ஆகாதது செய்வோர் எல்லாக் காலத்திலும் உண்டு. பகுத்தறிவு பேசும் நாம் இவரையும் மறந்துவிடக் கூடாது. ரெண்டி என்ற முதியவர், அவர் மகள் டீலியா. ஜாக் என்றொருவர், அவர் மகள் டிரானா. தந்தையும் மகளும்! குடும்பப் படத்துக்கு உரியவர்கள்! பெண்களின் மேலாடையை இடுப்பு வரையில் இறக்கினார்கள். ஆண்களில் சிலரை முழுவதுமே நிற்கவைத்தார்கள். உடுத்தத் தெரியாதவர்கள் என்று காட்ட, உடுத்தியிருந்ததை உரித்தார்கள். இறக்கிய கவுனின் மடிப்பு டீலியாவின் இடுப்பைச் சுற்றிப் படத்திலேயே விழுந்திருக்கிறது. அறிஞர் அதைக் கவனிக்கவில்லை போலும். அவர் தேடிய சான்று அதுவன்று.

1861-இல் உள்நாட்டுப் போர். 1863-இலிருந்து கருப்பின ஆடவர் பெருமளவில் வட படையில் சேர்ந்தனர். ஏறத்தாழ 1,80,000 பேர். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர், உடைக்கெனத் தனிப்படி. கருப்பு வீரனுக்கு 10 டாலர். அதிலும் உடைக்காக 3 டாலர் பிடித்தம்! சீருடையின் விலையை அவன் தன் கூலியிலிருந்தே கட்டினான். சில படைப்பிரிவினர் ‘சமக் கூலி தரும் வரையில் ஒரு காசும் வேண்டோம்’ என்று மறுத்து நின்றனர். 1864-இல்தான் சமன் செய்தார்கள்.

அந்த விலை கொடுத்த சீருடையோடு ஒரு வீரர் தம் குடும்பத்துடன் எடுத்துக்கொண்ட கண்ணாடித் தகட்டுப் படம் ஒன்று வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. 1863-க்கும் 1865-க்கும் இடைப்பட்டது. கணவர் படை உடையில். மனைவி நல்ல கவுனும் தொப்பியும் அணிந்து. இரு பெண் குழந்தைகள். அந்தக் குழந்தைகளைப் பாருங்கள், தோழர்களே! இருவருக்கும் ஒரே மாதிரிக் கோட்டு, ஒரே மாதிரித் தொப்பி! இன்று நம் வீட்டில் நடக்கும் அதே அமளி அந்த வீட்டிலும் நடந்திருக்கும். ஒரே துணியில் இரண்டு வெட்டித் தைத்திருப்பாள் தாய், விளக்கடியில் அமர்ந்து. ‘இவர்கள் அக்கா தங்கை, இது ஒரு குடும்பம், பிரித்து விற்க முடியாது’ என்பதை எந்த வழக்குரைஞன் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்க முடியும்? அந்தப் படம் போருக்குப் போகுமுன் எடுத்ததா, திரும்பி வந்தபின்பா என்று தகடு சொல்லவில்லை. முகங்கள் இறுகியிருக்கின்றன.

அதே ஆண்டுகளில் நியூ ஆர்லியன்சிலிருந்து விடுதலை பெற்ற சில குழந்தைகளை வடக்கே அழைத்து வந்து, அழகிய உடைகளில் படம் பிடித்து, பள்ளிக்கூட நிதிக்கு விற்றார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் அதிகம் விற்க எந்தக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? பார்வைக்கு வெள்ளையாகவே தெரிந்த குழந்தைகளை! ‘உன் குழந்தைபோல் இருக்கிறதே, இதுவா அடிமை’ என்று வெள்ளைத் தாயின் கண் கலங்கும் என்பது கணக்கு. கருங்குழந்தைக்குக் கலங்காதா அந்தக் கண்? இரக்கத்திலும் நிறம் பார்க்கும் நாடு! அந்தக் கணக்கும் தவறியது. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு விடுதிக்காரர், அவர்கள் யாரென்று அறிந்ததும் அக்குழந்தைகளை வெளியேற்றிவிட்டார். பட்டுக் கவுன் காப்பாற்றவில்லை.

தன் படத்தைத் தானே ஆண்டவள் ஒருத்தி: சோஜர்னர் டுரூத். ஒன்பது வயதில், ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு விற்கப்பட்டவள். எழுதப் படிக்கத் தெரியாது. மேடையேறினால் மன்றம் அதிரும். 1864-இல் தன் படத்துக்குத் தன் பெயரிலேயே பதிவுரிமை வாங்கினாள். ஒரு காலத்தில் தன் உடலே பிறர் உடைமை; இன்று தன் நிழலுக்கும் தானே உரிமையாளி! உடலைக் காக்க நிழலை விற்கிறேன் என்ற பொருளில் அட்டையில் அச்சிட்டு, கூட்டந்தோறும் விற்றுப் பிழைத்தாள். அதற்கு அவள் உடுத்திய உடை: கருமையான எளிய கவுன், வெள்ளைச் சால்வை, வெள்ளைத் தலையணி, கண்ணாடி, மடியில் பின்னல் வேலை. வயல்வேலைக்காரி என்ற கோலமில்லை, வேடிக்கைப் பொருளாக்கும் பகட்டுமில்லை. பார்ப்பவன் ‘அம்மையீர்’ என்று விளித்தாக வேண்டும். அவ்வளவே அவள் வேண்டியது.

டக்ளஸுக்கு வருவோம். 1838 செப்டம்பரில் கப்பலோட்டியின் உடை அணிந்து, இரவல் சான்றிதழோடு தப்பினார். அதற்குப் பணம் தந்து உதவியவர், அவர் பின்னர் மணந்துகொண்ட அன்னா மர்ரே. ஆக, உடையின் ஆற்றலை அவர் ஏட்டில் படித்தறியவில்லை. அவருடைய தனித்தனிப் படங்கள் 160 இதுவரையில் தேடிக் கண்டெடுக்கப்பட்டுள்ளன. லிங்கனுடையவை அதைவிடக் குறைவு! கருநிறக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நேர்கொண்ட பார்வை, சிரிப்பு இல்லை. வெள்ளை ஓவியர்கள் கருப்பு மனிதனை வரைந்தால் பல்லிளிக்கும் கோமாளியாகவோ, பணிந்து கிடக்கும் ஏழையாகவோ வரைந்தார்கள். ஒளிக்கருவிக்கு அந்த வஞ்சம் தெரியாது என்று அவர் நம்பினார். படக்கலையைப் பற்றியே சொற்பொழிவுகள் ஆற்றினார், 1861-இல் போர் மூண்ட வேளையிலும்! ஐம்பதாண்டுக்கு முன் மன்னனுக்கும் கிட்டாத உருவப்படம் இன்று வேலைக்காரப் பெண்ணுக்கும் கிட்டுகிறது என்பது அவர் கருத்து.

அன்னா 1882-இல் மறைந்தார். 1884-இல் டக்ளஸ் ஹெலன் பிட்ஸ் என்ற வெள்ளைப் பெண்மணியை மணந்தார். அவரைவிட ஏறத்தாழ 20 ஆண்டு இளையவர். இரு நிறத்தாரும் தூற்றினர். அடிமை ஒழிப்புக்காகப் பாடுபட்ட ஹெலனின் தந்தையே மகளை ஏற்கவில்லை! மேடைச் சமத்துவம் வேறு, வீட்டுச் சம்பந்தம் வேறு என்பார் அங்கும் உண்டு, கண்டீர்களா? தம்பதியர் ஒளிந்துகொள்ளவில்லை, படத்துக்கு உட்கார்ந்தனர். அவர் வழக்கமான கருங்கோட்டில். ஹெலன் பக்கத்தில், கழுத்து வரை மூடிய கவுனில். நடுவே ஹெலனின் தங்கை நிற்கிறார். சமூகம் ‘சேராது’ என்றது, படத்தில் சேர்ந்திருந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். இளைஞர்கள் கேட்கத்தான் வேண்டும். “ஆண்டையின் கோட்டையே மாட்டிக்கொண்டு ஆண்டையைப்போல உட்கார்ந்தது எப்படி விடுதலையாகும்? கிழிந்த சட்டைக்காரனுக்கு மதிப்பில்லையா?” கேள்வியில் நியாயம் உண்டு. வயலில் குத்தகைக் கடனில் அமிழ்ந்து கிடந்த குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் படங்களில் இல்லை. கோட்டு வாங்க முடிந்தவனே வந்தான். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் என்ன படங்கள் எடுக்கப்பட்டன என்பதையும் பார்த்துவிட்டுத் தீர்ப்பளியுங்கள்.

விசாரணையின்றிக் கருப்பினத்தாரைக் கூட்டமாகக் கூடி அடித்து, எரித்து, மரத்தில் தொங்கவிடும் கொடுமை தென் மாநிலங்களில் பரவியிருந்தது. அதற்குப் படக்காரன் வருவான். வெள்ளைக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை உடையில், கணவனும் மனைவியும் குழந்தைகளுமாக, பிணத்தின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்ளும்! அஞ்சலட்டையாக அச்சிட்டு உறவினருக்கு அனுப்பும்! 1908-இல் அத்தகைய அட்டைகளை அஞ்சலில் ஏற்கலாகாதென்று தடை வந்தது, உறையிலிட்டு அனுப்பினார்கள். 1930-இல், தெற்கில்கூட அல்ல, இண்டியானா மாநிலத்து மேரியன் நகரில் இரு இளைஞர்களைத் தொங்கவிட்டபோது எடுத்த படம் ஆயிரக்கணக்கில் விற்றது. அதில் இளம் இணைகள் நிற்கிறார்கள், நன்றாக உடுத்தி, கருவியை நோக்கி. அதுவும் குடும்பப் படந்தான்!

1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கூலியை உயிரோடு எரித்தார்கள். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டு பாய்ஸ், நியாயம் கேட்டு எழுதிய கடிதத்தோடு செய்தித்தாள் அலுவலகத்துக்கு நடந்தார். எரிந்தவனின் விரல் எலும்புகள் வழியிலுள்ள கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டதும் திரும்பி நடந்துவிட்டார். அதே ஆண்டில் அவருடைய சிறு மகனும் நோயில் மாண்டான். மறு ஆண்டு, 1900-இல், பாரிசில் உலகக் கண்காட்சி. அங்கே கருப்பின அமெரிக்கர் பிரிவுக்கு டு பாய்ஸ் 363 படங்களை ஏடுகளாகக் கட்டி அனுப்பினார். எல்லாம் ஜார்ஜியா மக்கள்! எலும்பு காட்சிக்கு வைத்த அதே ஜார்ஜியா! சரிகைக் கழுத்துப் பெண்கள், கஞ்சியிட்ட காலர் ஆடவர், வீட்டு முகப்பில் நிற்கும் குடும்பங்கள். அட்லாண்டாவின் கருப்பினப் படக்காரர் தாமஸ் ஆஸ்க்யூ தம் பிள்ளைகளையே இசைக்கருவிகளோடு உடுத்தி உட்காரவைத்து எடுத்த படமும் அதில் உண்டு. குற்றவாளிகள், விலங்குகள் என்று ஏடுகள் எழுதிய மக்களை ஐரோப்பா பார்த்தது. டு பாய்ஸுக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. கோட்டு யாருடைய பாணி என்று அன்று பாரிசில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பின்னர் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஜேம்ஸ் வான் டெர் ஸீ நிலையம் திறந்தார். மணமக்களுக்கு மாலை, பின்னணித் திரை, தேவையானால் உடை. எல்லாம் அவரிடம் இருக்கும். 1932-இல், நாடே வேலையின்றித் தவித்த ஆண்டில், ஓர் ஆணும் பெண்ணும் நீண்ட விலங்குமயிர்க் கோட்டு அணிந்து, பளபளக்கும் கார் ஒன்றோடு தெருவில் இருக்க எடுத்த படம் அவருடையவற்றுள் பேர்பெற்றது. வீண் பகட்டு என்று சொல்வோர் சொல்லட்டும். எனக்கு அந்தப் பகட்டின் மேல் கோபம் வரவில்லை.

கருவிக்கு வஞ்சம் தெரியாதென்று டக்ளஸ் நம்பினாரே, அது முழுதும் சரியன்று. வண்ணப்படம் வந்தபோது, நிறம் சரிபார்க்க நிலையங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவள் வெள்ளைப் பெண். அவள் முகத்துக்கே வேதிப்பொருளைப் பதப்படுத்தினார்கள். வகுப்புப் படத்தில் கருங்குழந்தையின் முகம் இருட்டாகி, பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்தது. எந்த உடை உடுத்தி என்ன! தாய்மார்கள் முறையிட்டார்கள். ஆனால், எங்கள் பழுப்பு நிற வேறுபாடு தெரியவில்லை என்று சாக்லெட் செய்வோரும் மரச்சாமான் செய்வோரும் முறையிட்ட பிறகே திருத்தம் வேகம் பெற்றதாக அத்தொழிலில் இருந்தவர்களே பின்னாளில் கூறினர்.

டீலியாவின் தகடு ஹார்வர்டு அருங்காட்சியகத்தின் பரணில் கிடந்தது. 1976-இல் ஒரு பெட்டியிலிருந்து வெளிவந்தது, ரெண்டி, ஜாக், டிரானா ஆகியோருடைய தகடுகளோடு. ரெண்டியின் வழிவந்தவர் என உரிமை கோரிய ஒரு பெண்மணி 2019-இல் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்: “அது எங்கள் குடும்பப் படம், கொடுங்கள்” என்று. ஆறாண்டு வழக்கு. 2025 மே மாதம், படங்களைத் தன்னிடமிருந்து விடுவிக்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அவை சார்ல்ஸ்டன் நகரிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு உரியவை என்று முடிவாயிற்று. 2023-இல் திறக்கப்பட்ட அந்த மாளிகை நிற்குமிடம், ஒரு காலத்தில் அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற துறை. மாநிலம், தெற்குக் கரோலினா. எந்த அடிமை எந்தத் துணி உடுத்தலாமென்று 1735-இல் பட்டியல் போட்ட அதே தெற்குக் கரோலினா.